மண் எதைப் பிடிக்கிறது, எதை விடுகிறது: நுண்தனிமங்களுக்கும் களைக்கொல்லிகளுக்குமான ஒட்டல்–விடுபடல் சோதனை

மண்ணில் மொத்தம் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்று கேட்பதும், அதில் எவ்வளவு நீருக்குள் வரும் என்று கேட்பதும் வெவ்வேறு கேள்விகள். களைக்கொல்லிக்கும் இது பொருந்தும். வேருக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேர்வது, மண் துகள்கள் பிடித்தது போக நீரில் மிஞ்சும் பகுதியும், பிடித்தபின் அவை திரும்ப விடும் பகுதியும்தான். அந்த இரண்டையும் ஆய்வகத்தில் தனித்தனியாக அளக்கும் வரிசை கீழே இருக்கிறது. துத்தநாகம் என்ற நுண்தனிமமும் அட்ரசின் என்ற களைக்கொல்லியும் எடுத்துக்காட்டுகள். வேறு பொருளை எடுத்தால் எங்கே மாற்றம் வேண்டும் என்பது அந்தந்த இடத்தில் வரும்.

வரிசையை மாற்றாதீர்கள். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் நேராக ஏழாவது படிக்குப் போய்க் குலுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். விகிதமும் நேரமும் தவறாக அமைந்த சோதனையிலிருந்து எந்தக் கணக்காலும் உண்மையை மீட்க முடியாது.

1. பொருளின் மின்சுமையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மண்ணின் அமில-காரத் தன்மையில், அதாவது அந்த பிஎச் மதிப்பில், உங்கள் பொருள் என்ன மின்சுமையோடு இருக்கும்? மண்ணின் எந்தக் கூறு அதைப் பிடிக்கும் என்பது பெரும்பாலும் இந்தப் பதிலைப் பொறுத்தது.

துத்தநாகம், காட்மியம், நிக்கல், தாமிரம், ஈயம் ஆகியவை நேர்மின் அயனிகள். பிஎச் உயர உயர இவற்றின் ஒட்டல் கூடும். தாமிரமும் ஈயமும் குறைந்த பிஎச்சிலேயே நன்றாக ஒட்டத் தொடங்கிவிடும். துத்தநாகம், காட்மியம், நிக்கல் மூன்றுக்கும் அதைவிட உயர்ந்த பிஎச் வேண்டும். ஆர்சனேட், செலினைட், மாலிப்டேட் எதிர்மின் அயனிகள். இவை தலைகீழாக நடந்துகொள்ளும்: பிஎச் உயர்ந்தால் பிடி தளரும். அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடும்போது துத்தநாகம் இறுகுவதும் மாலிப்டினம் இளகுவதும் இதனால்தான்.

களைக்கொல்லிகளை நான்கு வகையாகப் பார்த்தால் போதும்.

பாராகுவாட்டும் டைகுவாட்டும் எப்போதும் இரண்டு நேர்மின்சுமை உள்ளவை. களிமண் கனிமத்தின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்துகொண்டால் சாதாரணக் கரைசலுக்கு அவை வெளியே வருவதில்லை. கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

2,4-டி போன்றவை அமிலங்கள். 2,4-டியின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் மின்சுமை பெற்றிருக்கும் பிஎச்) 3-க்கும் கீழே இருப்பதால் பெரும்பாலான மண்களில் அது எதிர்மின் அயனியாகவே இருக்கும். களிமண்ணும் மட்கும் (மக்கிய கரிமப் பொருள்) எதிர்மின்சுமை கொண்டவை என்பதால் பிடி பலவீனம். நீரோடு எளிதில் நகரும்.

அட்ரசின் வலுக்குறைந்த காரம், பிகேஏ சுமார் 1.7. வழக்கமான பிஎச்சில் மின்சுமையற்ற மூலக்கூறாக இருந்து முக்கியமாக மட்கில் ஒட்டும். ஆனால் களிமண் பரப்பை ஒட்டிய நீர்ப்படலம் கரைசலைவிட அதிக அமிலத்தன்மை உடையது. அதனால் அமில மண்ணில் ஒரு பகுதி நேர்மின்சுமை பெற்று, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக ஒட்டலாம்.

பென்டிமெத்தலின், ட்ரைஃப்ளூராலின் போன்றவை நீரை வெறுப்பவை. மட்கில் மிக வலுவாக ஒட்டும், கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும்கூட ஒட்டும். சோதனையில் தொல்லை தருவது இந்தப் பின்குணம்தான்.

கிளைபோசேட் தனிரகம். பெயருக்கு எதிர்மின் அயனியாக இருந்தாலும் அதிலுள்ள பாஸ்போனேட் தொகுதி இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடு நேரடிப் பிணைப்பு கொள்ளும். பாஸ்பேட்டும் அதே இடங்களுக்குத்தான் போட்டியிடுகிறது. கிளைபோசேட்டைச் சோதிக்கும் மண்ணில் பாஸ்பரஸ் அளவு தெரியாவிட்டால் முடிவை விளக்கவே முடியாது.

முதன்முறை செய்பவர்கள் பாராகுவாட்டைத் தொட வேண்டாம். சிறிதளவு உட்கொண்டாலே உயிரைப் பறிக்கும், முறிமருந்து கிடையாது.

2. மண்ணின் பிடிப்பிடங்களை அளந்து வையுங்கள்

பிஎச், கரிமக் கார்பன், களிமண் விழுக்காடு, நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன் (மாற்றிக்கொள்ளத்தக்கபடி மண் பிடித்துவைக்கக்கூடிய நேர்மின் அயனிகளின் அளவு), ஆக்சலேட்டில் கரையும் இரும்பு, கார்பனேட் ஆகிய ஆறும் வேண்டும். இவை கையில் இல்லாமல் இரண்டு மண்களை ஒப்பிட்டால், ஒன்று கூடுதலாகப் பிடித்தது என்று சொல்லலாம். ஏன் என்று சொல்ல முடியாது.

களிமண் விழுக்காடு மட்டும் போதாது. களிமண் கனிமங்களில் கயோலினைட்டின் பரிமாற்றத் திறன் கிலோவுக்கு 3 முதல் 15 சென்டிமோல் வரைதான். மான்ட்மோரில்லோனைட்டுக்கு அது 80 முதல் 120. ஆக 40 விழுக்காடு களிமண் உள்ள ஒரு மண், 15 விழுக்காடு உள்ள இன்னொன்றைவிடக் குறைவாகப் பிடிப்பது நடக்கக்கூடியதே. மட்கின் திறன் 200 அளவில் இருக்கும், ஆனால் பிஎச்சோடு ஏறி இறங்கும்.

இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் பங்கைப் பரிமாற்றத் திறன் காட்டாது. அவற்றின் பரப்பு, பிஎச் 7 முதல் 9 வரையிலான ஒரு புள்ளிக்குக் கீழே நேர்மின்சுமையும் அதற்கு மேலே எதிர்மின்சுமையும் கொள்ளும். இருந்தாலும் துத்தநாகமும் தாமிரமும் நேர்மின்சுமை உள்ள பரப்பிலேயே பிணையும், ஏனெனில் அது மின்கவர்ச்சி அல்ல, ஆக்சிஜன் வழியான வேதிப்பிணைப்பு. மாங்கனீசு ஆக்சைடு அளவில் சொற்பம் என்றாலும் ஈயத்தையும் கோபால்ட்டையும் இறுக்கிப் பிடிக்கும்.

ஆக்சலேட் இரும்புக்கு 0.2 மோலார் அம்மோனியம் ஆக்சலேட்டை பிஎச் 3-ல் வைத்து, இருட்டில் 4 மணி நேரம் குலுக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் படிகமான இரும்பு ஆக்சைடுகளும் கரையத் தொடங்கும். படிகமற்ற இரும்பு என்று நீங்கள் எழுதும் எண் பொய்யாகிவிடும்.

3. பாத்திரங்களும் கரைசல்களும்

இரண்டு சோதனைகளுக்கும் ஒரே குழாய்கள் ஆகாது. நுண்தனிமங்களுக்குப் பாலிப்ரொப்பிலீன் குழாய்கள்: 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் மூன்று முறை அலசவும். களைக்கொல்லிகளுக்கு டெஃப்ளான் உள்மூடியுள்ள கண்ணாடிக் குழாய்கள். கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் விதிவிலக்கு. அவை கண்ணாடியில் ஒட்டும், பாலிப்ரொப்பிலீனே நல்லது.

துத்தநாகச் சோதனையில் ரப்பர் அடைப்பான், பவுடர் பூசிய கையுறை, நாக முலாம் பூசிய கரண்டி எதுவும் அருகில் வேண்டாம். ரப்பரில் துத்தநாக ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. பித்தளைச் சல்லடையும் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் மண்ணில் சேர்த்துவிடும், நைலான் வலையே சரி.

பின்புலக் கரைசல் (மண்ணைக் குலுக்கும் அடிப்படை உப்புக் கரைசல்) களைக்கொல்லிக்கு 0.01 மோலார் கால்சியம் குளோரைடு (இருநீர் உப்பு லிட்டருக்கு 1.47 கிராம்), நுண்தனிமங்களுக்கு 0.01 மோலார் கால்சியம் நைட்ரேட் (நான்குநீர் உப்பு லிட்டருக்கு 2.36 கிராம்). கால்சியம் எதற்கு? அது இல்லாமல் வெறும் நீரில் குலுக்கினால் களிமண் கலைந்து மிதக்கும், மையவிலக்கியில் படியாது. மையவிலக்கியபின் மேலே நிற்கும் தெளிநீரில் மிதக்கும் துகள்கள் பிடித்து வைத்திருப்பதையும் கரைந்தது என்று எண்ணிவிடுவீர்கள். குளோரைடை நுண்தனிமங்களுக்குத் தவிர்ப்பது முக்கியமாகக் காட்மியத்துக்காக: குளோரைடோடு சேர்ந்து கரையும் கூட்டணுவை உருவாக்கிக்கொண்டு அது நீரிலேயே தங்கும்.

துத்தநாக இருப்புக் கரைசல் (பிறகு நீர்த்துப் பயன்படுத்தும் செறிந்த கரைசல்): துத்தநாக நைட்ரேட் ஆறுநீர் உப்பு 4.55 கிராமைப் பின்புலக் கரைசலில் கரைத்து 1 லிட்டராக்கினால் லிட்டருக்கு 1000 மில்லிகிராம் துத்தநாகம். கருவி அளவீட்டுக்கென விற்கப்படும், செறிவு தெரிந்த திட்டக் கரைசலை இதற்குப் பயன்படுத்துவது மிகவும் பரவலான தவறு. அதில் நைட்ரிக் அமிலம் இருக்கும். 2 விழுக்காடு அமிலமுள்ளதை 100 மடங்கு நீர்த்தாலும் கரைசலின் பிஎச் 2.5 அளவில் நிற்கும். மண் துத்தநாகத்தைப் பிடிக்கவில்லை என்று நினைப்பீர்கள், உண்மையில் அமிலம் பிடிக்கவிடவில்லை.

அட்ரசின் இருப்புக் கரைசல் மெத்தனாலில். சோதனைக் குழாயில் மெத்தனால் 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் அதுவே மட்கிலிருந்து அட்ரசினை இழுக்கும். ஆகவே குழாயில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வேண்டுமானால் இருப்புக் கரைசல் லிட்டருக்கு 5000 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். மேல் எல்லையாகப் பொருளின் நீர்க்கரைதிறனில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். அட்ரசினின் கரைதிறன் லிட்டருக்குச் சுமார் 33 மில்லிகிராம் என்பதால் 5 பாதுகாப்பான அளவு.

பிஎச்சை நிலைநிறுத்த பாஸ்பேட் பஃபர் போடாதீர்கள். அது ஆர்சனேட்டையும் கிளைபோசேட்டையும் ஆக்சைடுகளிலிருந்து நேராக விரட்டும். சிட்ரேட்டும் அசிட்டேட்டும் உலோகங்களைத் தாங்களே பிடித்துக்கொள்ளும். மண்ணின் சொந்த பிஎச்சிலேயே செய்து, முடிவில் அளந்து எழுதுவதே நேர்மையான வழி.

4. மண்ணைத் தயார் செய்தல்

நிழலில் காற்றாட உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலிக்கவும். கட்டிகளை மரக் குழவியால் மெதுவாக உடைக்கலாம், அரைக்கக் கூடாது. அரைத்தால் இயற்கையில் இல்லாத புதுப் பரப்புகள் திறந்து ஒட்டல் உயர்ந்துவிடும்.

105 டிகிரி செல்சியஸ் அடுப்பில் உலர்த்திய மண்ணைச் சோதனைக்கு எடுக்காதீர்கள். சூடு மாங்கனீசைக் கரையும் வடிவுக்கு மாற்றும், கரையும் கரிமப் பொருளையும் கூட்டும். அடுப்பு ஈரப்பதம் பார்க்க மட்டுமே. அதற்கென 10 கிராமைத் தனியாக எடுத்து உலர்த்தி, எல்லா எடைகளையும் உலர் எடைக்குத் திருத்துங்கள்.

நீர் தேங்கிய நிலத்து மண் என்றால் உலர்த்துவதே தவறு. காற்றுப் பட்டதும் கரைந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து புத்தம்புது ஆக்சைடாகப் படியும். அது கிடைத்ததையெல்லாம் பிடிக்கும். அத்தகைய மண்ணை ஈரமாகவே, நைட்ரஜன் வாயுவின் கீழ் கையாள வேண்டும்.

5. மண்–கரைசல் விகிதத்தைத் தேர்ந்தெடுத்தல்

சோதனை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். வேறெந்தப் படியையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

நாம் மண்ணில் ஒட்டியதை நேரடியாக அளப்பதில்லை. தொடக்கச் செறிவிலிருந்து முடிவுச் செறிவைக் கழித்து ஊகிக்கிறோம். வித்தியாசம் சிறியதாக இருந்தால் கருவியின் பிழை அதை விழுங்கிவிடும். தொடக்கம் 10, முடிவு 9.1, ஒவ்வோர் அளவீட்டிலும் 3 விழுக்காடு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.9, அதன் பிழை 0.4. கிடைத்த எண்ணில் ஏறக்குறைய பாதி வெறும் இரைச்சல். மறுபுறம் 99 விழுக்காடு ஒட்டிவிட்டால் மிஞ்சிய 1 விழுக்காட்டை அளக்கக் கருவி திணறும், குழாய்ச் சுவரில் ஒட்டிய சிறிதளவும் பெரிய பிழையாகும். ஒட்டல் 20-க்கும் 80-க்கும் இடையே, முடிந்தால் 50-க்கு மேலே விழுவதுபோல் விகிதத்தை அமைக்க வேண்டும்.

இதற்குப் பங்கீட்டுக் கெழு தேவை. மண்ணில் ஒட்டிய அளவை (கிலோவுக்கு மில்லிகிராம்) கரைசலில் மிஞ்சிய செறிவால் (லிட்டருக்கு மில்லிகிராம்) வகுத்தால் அது கிடைக்கும். அலகு கிலோவுக்கு லிட்டர். ஒட்டும் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே இப்படிக் கணிக்கலாம்:

ஒட்டும் பங்கு = கெழு ÷ (கெழு + கிராம் மண்ணுக்கான கரைசல் மி.லி.)

கரிமக் கார்பன் 1 விழுக்காடு உள்ள மண்ணில் அட்ரசினின் கெழு 1 அளவில் இருக்கும். 1-க்கு 10 விகிதத்தில் 9 விழுக்காடுதான் ஒட்டும், சோதனை வீண். 1-க்கு 2 என்றால் 33, 1-க்கு 1 என்றால் 50. கெழு 30 உள்ள துத்தநாகத்துக்கு 1-க்கு 10 விகிதத்தில் 75 விழுக்காடு, சரியான இடம். கெழு 1000 ஆனால் 1-க்கு 10-ல் 99 விழுக்காடு ஒட்டிவிடும், 1-க்கு 500 வைத்தால் 67.

கெழு தெரியாத பொருளுக்கு 1-க்கு 1, 1-க்கு 5, 1-க்கு 25 என மூன்று விகிதங்களில் ஒரே ஒரு செறிவில் முன்னோட்டம் பாருங்கள். ஒரு நாள் வேலை. அதைத் தவிர்ப்பவர்கள் பிறகு முழுச் சோதனையையும் திரும்பச் செய்கிறார்கள்.

ஒரு மண்ணுக்கு விகிதத்தை முடிவு செய்தபின் எல்லாச் செறிவுகளுக்கும் அதையே வைத்திருங்கள். விகிதம் மாறினால் கரையும் கரிமப் பொருளின் அளவும் மாறும். தாமிரம் போன்றவை அந்தக் கரிமப் பொருளோடு சேர்ந்து நீரில் தங்குவதால் கெழுவும் மாறிவிடும்.

6. சமநிலை நேரத்தைக் கண்டறிதல்

1, 2, 4, 8, 24, 48 மணி நேரங்களுக்குத் தனித்தனிக் குழாய்கள். ஒரே குழாயிலிருந்து திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள், விகிதம் மாறிவிடும். முதல் சில மணி நேரத்தில் வேகமாக ஒட்டும், பிறகு மெதுவாகும். நுண்துளைகளுக்குள்ளும் மட்கின் உட்பகுதிக்குள்ளும் ஊடுருவுவது வாரக்கணக்கில் தொடர்வதால் முழுச் சமநிலை என்று ஒன்று வராது. அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் பிழைக்குள் ஒத்துப்போகும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலவற்றுக்கு 24 மணி நேரம் போதும்.

குழாய் தலைகீழாகப் புரளும் சுழற்சிக் குலுக்கி நல்லது. வேகமான முன்பின் குலுக்கல் மண்திரளைகளை நொறுக்கும். நேரம் ஆக ஆக ஒட்டல் கூடிக்கொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

7. ஒட்டல் சோதனை

துத்தநாகத்துக்கு 50 மி.லி. குழாய், 2 கிராம் மண், மொத்தம் 20 மி.லி. என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் வெறுங்குழாயை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். மண்ணையும் 18 மி.லி. பின்புலக் கரைசலையும் சேர்த்து ஓர் இரவு குலுக்குங்கள். உலர்ந்த மண் நனைந்து, அதன் பிஎச்சும் கால்சியமும் நிலைபெற இந்த முன்குலுக்கல் வேண்டும்.

மறுநாள் காலை, விரும்பும் செறிவைவிடப் பத்து மடங்கு செறிந்த துத்தநாகக் கரைசல் 2 மி.லி. சேர்க்கவும். ஐந்து செறிவுகள்: லிட்டருக்கு 1, 3, 10, 30, 100 மில்லிகிராம். இரண்டு மடக்கை அலகுகளுக்குப் பரந்த இடைவெளி இருந்தால்தான் வளைவின் வடிவம் தெரியும். பிஎச் 7-க்கு மேற்பட்ட மண்ணில் 100-ஐ விட்டுவிடுங்கள். துத்தநாகம் ஹைட்ராக்சைடாகவோ கார்பனேட்டாகவோ வீழ்படியும், அதை ஒட்டல் என்று எண்ணிவிடுவோம்.

அட்ரசினுக்கு 10 கிராம் மண், 20 மி.லி. கரைசல், லிட்டருக்கு 0.05 முதல் 5 மில்லிகிராம் வரை ஐந்து செறிவுகள். இதற்கும் ஓர் இரவு முன்குலுக்கல் உண்டு. இருப்புக் கரைசலிலிருந்து 0.1 விழுக்காட்டு வரம்புக்குள் மைக்ரோ பிப்பெட்டால் விடவும்.

ஒவ்வொரு செறிவுக்கும் மூன்று குழாய்கள். அவற்றோடு இரண்டு வகை பிளாங்க் கட்டாயம்: மண் இல்லாமல் கரைசல் மட்டும், பொருள் இல்லாமல் மண் மட்டும். முதலாவது குழாய்ச் சுவரும் வடிகட்டியும் எவ்வளவு தின்கின்றன என்று காட்டும். இரண்டாவது மண்ணிலிருந்து ஏற்கெனவே வரும் அளவைக் காட்டும். துத்தநாகம் எல்லா மண்ணிலும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

குலுக்கி முடிந்ததும் 3000 ஜி விசையில் 20 நிமிடம் மையவிலக்கி. தெளிநீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, முதல் 1–2 மி.லி.யைக் கொட்டிவிடவும், அதற்குள் வடிகட்டியின் பிடிப்பிடங்கள் நிறைந்துவிடும். பென்டிமெத்தலின் போன்ற பொருளுக்கு வடிகட்டியே வேண்டாம், மையவிலக்கி நேரத்தைக் கூட்டினால் போதும்.

பிஎச்சைத் தெளிநீரின் தனிப் பகுதியில் அளக்கவும். மின்முனையிலிருந்து உப்பு கசியும் என்பதால் அந்தப் பகுதியைச் செறிவு அளக்கப் பயன்படுத்தக் கூடாது. மீதியை, துத்தநாகமென்றால், நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவந்து மூடி வையுங்கள். அளவீட்டுத் திட்டக் கரைசல்களையும் அதே பின்புலக் கரைசலிலேயே தயாரிக்க வேண்டும், கால்சியம் கருவியின் பதிலை மாற்றக்கூடியது.

8. கணக்கு

தொடக்கச் செறிவு 10, முடிவில் 2.4 மில்லிகிராம்/லிட்டர். வித்தியாசம் 7.6. இருபது மி.லி.யில் அது 152 மைக்ரோகிராம். 2 கிராம் மண்ணில் 152 என்றால் கிலோவுக்கு 76 மில்லிகிராம். 76-ஐ 2.4-ஆல் வகுத்தால் பங்கீட்டுக் கெழு 31.7.

தொடக்கச் செறிவாக நீங்கள் ஊற்றியதாக நினைக்கும் எண்ணைப் போடாதீர்கள். மண்ணில்லா பிளாங்கில் அளந்ததையே போடுங்கள்.

ஐந்து செறிவுகளுக்கும் ஒட்டிய அளவையும் மிஞ்சிய செறிவையும் மடக்கை எடுத்து வரைந்தால் பெரும்பாலும் நேர்கோடு வரும். இது ஃப்ராயிண்ட்லிச் சமன்பாடு. கோட்டின் சாய்வு 1-க்குக் குறைவாக இருந்தால் வலுவான இடங்கள் முதலில் நிரம்பி, மிஞ்சியது தளர்ந்த இடங்களுக்குப் போகிறது என்று பொருள். அந்த மண்ணுக்கு ஒரே ஒரு கெழுவைச் சொல்வது தவறு, எந்தச் செறிவில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மின்சுமையற்ற களைக்கொல்லிகளுக்குக் கெழுவைக் கரிமக் கார்பனின் பின்னத்தால் வகுப்பது வழக்கம். கெழு 1.2, கார்பன் 1.2 விழுக்காடு என்றால் 1.2 ÷ 0.012 = 100. கரிமப் பொருள் விழுக்காடு கையிலிருந்தால் முதலில் 1.724-ஆல் வகுத்துக் கார்பனாக்குங்கள். இந்த வகுத்தலை கிளைபோசேட்டுக்கும் பாராகுவாட்டுக்கும் செய்யாதீர்கள். அவற்றைப் பிடிப்பது கார்பன் அல்ல, கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

9. விடுபடல் சோதனை

ஒட்டல் சோதனை முடிந்த அதே குழாய்களில் உடனே தொடங்குங்கள். மண்ணை உலரவிட்டால் பிடி மாறிவிடும்.

15 மி.லி. தெளிநீரை எடுத்துவிட்டு, குழாயை எடை போட்டு, மண்ணோடு எவ்வளவு கரைசல் தங்கியது என்று கணக்கிடுங்கள். பிறகு பொருள் கலக்காத பின்புலக் கரைசல் 15 மி.லி. விட்டு, ஒட்டலுக்கு எடுத்த அதே நேரம் குலுக்கி அளக்கவும்.

இனி கவனம் வேண்டிய இடம். தங்கிய 5 மி.லி.யில் 2.4 செறிவில் 12 மைக்ரோகிராம் ஏற்கெனவே இருந்தது. புதிய செறிவு 1.1 என்றால் 20 மி.லி.யில் மொத்தம் 22 மைக்ரோகிராம். மண் விட்டது 22 அல்ல, 10 மட்டுமே. 152-ல் 10 என்றால் 6.6 விழுக்காடு. தங்கிய கரைசலைக் கழிக்க மறந்தவர் 14.5 என்று எழுதுவார், இரண்டு மடங்குக்கும் மேல்.

மண்ணில் மிஞ்சியது 142 மைக்ரோகிராம், கிலோவுக்கு 71 மில்லிகிராம். 1.1-ஆல் வகுத்தால் கெழு 64.5. ஒட்டும்போது கிடைத்த 31.7-ஓடு இதை நேரடியாக ஒப்பிட்டு மண் விடமாட்டேன் என்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். ஃப்ராயிண்ட்லிச் சாய்வு 1-க்குக் குறைவானால் தாழ்ந்த செறிவில் கெழு இயல்பாகவே உயரும். ஒட்டல் வளைவில் 1.1 செறிவுக்கு நேரே எவ்வளவு ஒட்டியிருக்க வேண்டும் என்று பாருங்கள். 71 அதைவிடத் தெளிவாக மேலே இருந்தால்தான் அது மீளாப் பிடிப்பு.

இதை நான்கைந்து முறை தொடர்ந்து செய்தால் விடுபடல் வளைவு கிடைக்கும். கடைசியில் களைக்கொல்லிச் சோதனையில் மெத்தனால்–நீர் கலவையாலும், துத்தநாகத்தில் அமிலத்தாலும் எஞ்சியதை எடுத்து மொத்தக் கணக்கைச் சரிபாருங்கள். சேர்த்ததில் 90 முதல் 110 விழுக்காடு கிடைக்க வேண்டும். அட்ரசினில் குறைந்தால் சிதைவையும் நினையுங்கள். அமிலப் பரப்புகளில் அது ஹைட்ராக்சி அட்ரசினாக மாறும், அது மண்ணில் இன்னும் இறுக்கமாக ஒட்டும். சிதைந்ததைப் பிடிபட்டதாகக் கணக்கிட்டால் ஒட்டலும் மீளாப் பிடிப்பும் இரண்டுமே மிகையாகும்.

புதிதாகச் சேர்த்த பொருளும் மாதக்கணக்கில் மண்ணில் கிடந்த பொருளும் ஒன்றல்ல. கிடந்தது மெதுவாகவும் குறைவாகவும்தான் விடும். வயல் நிலையைச் சொல்ல வேண்டுமானால் பொருளைக் கலந்து, ஈரப்பதத்தோடு சில மாதம் வைத்திருந்தபின் விடுபடலை அளப்பதுதான் நம்பத் தகுந்தது.

10. எந்தக் கூறு பிடித்தது?

இரண்டு வழிகள். முதலாவது, கூறுகளை ஒவ்வொன்றாக நீக்கி ஒட்டலைத் திரும்ப அளப்பது: மட்கை ஹைட்ரஜன் பெராக்சைடால், இரும்பு ஆக்சைடை டைத்தயோனைட்–சிட்ரேட்–பைகார்பனேட்டால். கேட்க எளிது, விளக்கக் கடினம். பெராக்சைடு மாங்கனீசு ஆக்சைடையும் கரைக்கும். சிட்ரேட் சிறிது தங்கி உலோகத்தைப் பிடிக்கும். மட்கின் பூச்சு போனதும் அடியிலிருந்த களிமண் பரப்பு வெளிப்பட்டு, பாராகுவாட் போன்றவற்றின் ஒட்டல் குறையாமல் கூடவும் கூடும். நீக்கிய ஒவ்வொரு முறையும் மண்ணைக் கால்சியம் கரைசலால் பலமுறை கழுவி, பிஎச்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தபின்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது வழி எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவது: பிடிபட்டதை எது வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பது. கால்சியம் கரைசலுக்கே வந்தால் மின்கவர்ச்சியில் இருந்தது. மெத்தனாலுக்கு வந்தால் மட்கில். கிளைபோசேட், ஆர்சனேட் ஆகியவை பாஸ்பேட் கரைசலுக்கு வந்தால் ஆக்சைடில்.

உலோகங்களுக்கு பிசிஆர் (BCR) தொடர் பிரித்தெடுப்பு இருக்கிறது: ஒரே மண்ணை வெவ்வேறு கரைசல்களால் அடுத்தடுத்துப் பிரித்தெடுக்கும் முறை. 1 கிராம் மண்ணுக்கு முதலில் 0.11 மோலார் அசிட்டிக் அமிலம் 40 மி.லி., 16 மணி நேரம்: பரிமாற்றத்துக்குரியதும் கார்பனேட்டில் உள்ளதும் வரும். பிறகு பிஎச் 1.5-ல் 0.5 மோலார் ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு 40 மி.லி., 16 மணி நேரம்: இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளில் உள்ளது. பிறகு 8.8 மோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு 10 மி.லி.யாக இரண்டு முறை, 85 டிகிரியில் ஏறக்குறைய வற்றும்வரை. அதன்மேல் பிஎச் 2-ல் 1 மோலார் அம்மோனியம் அசிட்டேட் 50 மி.லி., 16 மணி நேரம்: மட்கிலும் சல்ஃபைடிலும் உள்ளது. எஞ்சியதை ராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) கரைக்கவும். பெராக்சைடைச் சிறிது சிறிதாக விடுங்கள், மட்கு மிகுந்த மண் பொங்கி வழியும். இந்தப் பகுப்பு ஒவ்வொரு கரைசலுக்கு எது வருகிறது என்பதை மட்டுமே சொல்லும். ஆக்சைடிலிருந்து வெளிவந்த உலோகம் அதே குழாயில் மட்கில் போய் ஒட்டுவதும் உண்டு.

பயிருக்குக் கிடைக்கும் அளவு மட்டும் போதுமென்றால், உலோகங்களைக் கவ்விப் பிடிக்கும் டிடிபிஏ (DTPA) என்ற சேர்மத்தைப் பயன்படுத்தும் முறை: 0.005 மோலார் டிடிபிஏ, 0.01 மோலார் கால்சியம் குளோரைடு, 0.1 மோலார் ட்ரைஎத்தனாலமின், பிஎச் 7.3. 10 கிராம் மண்ணுக்கு 20 மி.லி., சரியாக 2 மணி நேரம். இந்த முறையில் சமநிலை எட்டப்படுவதில்லை, ஆகவே நேரம் தவறினால் எண்ணும் தவறும்.

11. முடிவு பொருந்தாமல் வந்தால்

ஒட்டல் எதிர்மறையாக வந்தால், முடிவுச் செறிவு தொடக்கத்தைவிடக் கூடியிருக்கிறது. துத்தநாகத்தில் மண் பிளாங்கைக் கழிக்க மறந்திருப்பீர்கள், அல்லது ரப்பர், வடிதாள் வழியாக மாசு. 2,4-டியில் இது உண்மையாகவே நடக்கலாம்: எதிர்மின் அயனி களிமண் பரப்பை ஒட்டிய நீருக்குள் நுழையாததால் மீதி நீரில் செறிகிறது.

சேர்க்கும் அளவைக் கூட்டியும் கரைசலில் மிஞ்சும் செறிவு உயரவில்லை என்றால் வீழ்படிவு. அந்தப் புள்ளிகளை வளைவிலிருந்து நீக்குங்கள்.

மூன்று குழாய்களும் ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் மண் மாதிரி காரணம். 1 கிராமுக்குக் குறைவாக எடுத்தால் ஓர் இலைத்துணுக்குகூட முடிவைத் திருப்பும். எடையைக் கூட்டுங்கள், அல்லது நன்றாகக் கலந்து பங்கிடுங்கள்.

செறிவு கூடக் கூடக் கெழு சரிகிறது, கூடவே பிஎச்சும் இறங்குகிறது என்றால், ஒட்டும் உலோகம் பரப்பிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியேற்றுகிறது. இடங்கள் நிரம்பியதையும் பிஎச் விளைவையும் பிரிக்க, நீர்த்த அமிலம் அல்லது சுண்ணநீரால் முன்குலுக்கலின்போது பிஎச்சைச் சரிசெய்து, எல்லாச் செறிவுகளும் 0.1 அலகுக்குள் முடியும்படி ஒரு தொகுதியைத் திரும்பச் செய்யுங்கள்.

தெளிநீர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் கரைந்த மட்கு அதிகம். தாமிரமும் ஈயமும் அதோடு சேர்ந்து நீரில் தங்கியிருக்கும். கரைந்த கரிமக் கார்பனையும் அளந்து, கெழுவின் பக்கத்திலேயே எழுதுங்கள். பிஎச், மண்–கரைசல் விகிதம், பின்புலக் கரைசலின் பெயரும் செறிவும், குலுக்கிய நேரம், வெப்பநிலை ஆகியவையும் அதே வரிசையில் இருக்க வேண்டும்.